இருபத்திரண்டு காலடி

3 அக்டோபர் 1963

காலையிலிருந்தே சகுனம் சரியில்லை. பள்ளியில் இருக்கும் இரண்டு எறிபந்துகளில் ஒன்று காற்றுப் போய்க் கிடந்தது. சைக்கிள் கடைக்காரர் உள்ளே இருந்த டியூபை எடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல ஒட்டுப் போட இனி எடமே இல்ல. ஒட்டு மேலதான் ஒட்டணும்" என்றார். ஒட்டு மேலேயே ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தால், தலைமையாசிரியை ரூபவதி அம்மாள் என்னைத் தேடி ஆள் அனுப்பியிருக்கிறார்.

அவர் அறையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் நின்றார். காக்கிச் சட்டையின் மடிப்பில் காய்கறி நறுக்கலாம். இந்த வெயிலில் கழுத்தில் மஃப்ளர் வேறு.

"குணசீலி, இவர் ஹவில்தார் ஞானதிரவியம். பட்டாளத்துல இருந்து ஓய்வாகி வந்திருக்கார். சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துல கவாத்து வைக்கணும்னு உத்தரவு வந்திருக்குல்லா. வாரத்துல நாலு பீரியட் இவருக்கு."

எனக்கு இருப்பதே ஐந்து. மீதி எவ்வளவு என்று கணக்கு டீச்சரைக் கேட்கத் தேவையில்லை.

"அப்போ எறிபந்து, அம்மா? அடுத்த மாசம் போட்டி இருக்கே."

"மிச்சம் இருக்க ஒரு பீரியட்ல ஆடுங்க. இன்னொண்ணும் இப்பவே சொல்லிருதேன், பிறகு சொல்லலன்னு சொல்லக் கூடாது. ஜனவரியில இருந்து ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வேலைதான். டிசம்பர் ஏழாம் தேதி இன்ஸ்பெக்‌ஷன். வர்ற அதிகாரி யார் போதும்னு எழுதுதாரோ, அவங்க இருப்பாங்க."

ஹவில்தார் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். காதைக் கிட்டே கொண்டுபோன பிறகுதான் 'வணக்கம் டீச்சர்' என்று தெரிந்தது. அவ்வளவு மெதுவான குரல். பெரிய மனுஷர், நாம்தான் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு போலிருக்கிறது.

ஒன்பது வருஷம் ஆகிறது நான் இந்தப் பள்ளிக்கு வந்து. இந்த மைதானத்தில் கிடந்த உடைமுள்ளை நானும் பிள்ளைகளும் கையால் பொறுக்கி எறிந்தோம். அதை ஒரு மஃப்ளரிடம் விட்டுக் கொடுக்கப் போவதில்லை.

4 அக்டோபர்

ஒரு பீரியடில் என்ன விளையாடுவது? வலை கட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

9 அக்டோபர்

இந்த மனிதர் கட்டளை போடுவதற்குக்கூட வாயைத் திறப்பதில்லை. எல்லாம் விசில்தான். இரண்டு விசில் என்றால் நடக்க வேண்டும். நீள விசில் என்றால் திரும்ப வேண்டும். ஒற்றை விசில் என்றால் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே விறைத்து நிற்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று கால் தட்டி, கையை ஒட்டி, கண் நேராக. அந்த நிற்றலுக்குப் பட்டாளத்து இந்தியில் 'தம்' என்று பெயராம், பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் இவர் ஊதுகிறார், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, நான்கு நாளில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். துரோகிகள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் சும்மா ஒரு தடவை ஊதிப் பார்த்தார். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் சிலையாகிவிட்டார்கள். எங்கள் எறிபந்துத் தலைவி பேச்சிக்கனி வாயில் சோற்று உருண்டையோடு நின்றாள். குழாயடியில் ஒருத்தி குடம் நிரம்பி வழிய வழிய நின்றாள். பியூன் மாசிலாமணிகூட மணிக் கட்டையைத் தூக்கியபடி நின்றுவிட்டு, பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு அடித்தார்.

ரூபவதி அம்மாள் மாடியிலிருந்து பார்த்துக் கைதட்டினார். ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

14 அக்டோபர்

நானும் தையல் டீச்சர் பிரம்மசக்தியும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். ஒரே அடுப்பு, ஒரே குடை, ஒரே வம்பு. இன்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே நான் ஹவில்தாரைப் பற்றிப் புலம்பினேன். தினமும் பூட்ஸுக்கு இரண்டு தடவை பாலிஷ் போடுகிறார், தேநீரை நின்றுகொண்டே குடிக்கிறார், குடித்த தம்ளரைத் தானே கழுவி வைக்கிறார், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, சிரித்தால் அது மேலே போகிறது.

"ஏட்டி, நீ கவாத்தப் பாக்கியா, ஆளப் பாக்கியா?" என்றாள்.

நான் பார்க்கவில்லை. கண்ணில் பட்டது. இரண்டும் வேறு.

21 அக்டோபர்

மழை. மைதானம் குளம். விளையாட்டுச் சாமான் அறையில் நானும் அவரும் மாட்டிக்கொண்டோம். நான் என் பயிற்சிக் கல்லூரி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டு என்றால் மனசு விட்டு ஆடுவது, கவாத்து என்றால் மாட்டை நுகத்தில் பூட்டுவது என்று அவர் காதில் விழும்படி சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. நோட்டை வாங்கி முதல் பக்கத்தைக் காட்டினார்.

"வரிசையில நில்லு. நம்பர் சொல்லு. கைய நீட்டி எடம் விடு. இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு நெனைக்கீங்க? பட்டாளத்துல இருந்துதான். ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது ஏதாவது ஒரு பழைய சார்ஜெண்டா இருப்பாரு. ஒங்க கழுத்துல தொங்குத விசிலும் எங்க வீட்டுச் சாமான்தான் டீச்சர்."

"அப்போ ஆட்டம்?"

"அதுவும் உண்டு. சாயந்திரம் நாலரை ஆனா வாலிபால் ஆடியே ஆகணும். கர்னல் ஒரு பக்கம், சமையல்காரன் எதிர்ப்பக்கம். பந்து கர்னல் மூக்குல பட்டாலும் சலாம் கெடையாது. நாள் பூரா கீழ்ப்படிஞ்சவனுக்கு அந்த ஒரு மணி நேரந்தான் மூச்சு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு தடவை இருமல் வந்தது. நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். தோற்றுவிட்டேன் என்பதற்காக அல்ல, மழை விட்டுவிட்டது.

2 நவம்பர்

ஒட்டு மேல் ஒட்டிய பந்தின் தோல் பிரிந்துவிட்டது. இன்று காலை பார்த்தால் அறையில் தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பூட்ஸ் தைக்கும் நூல், பல் வரிசை போல ஒழுங்கான தையல். பிரம்மசக்தி பார்த்துவிட்டு, "என்னால இப்படித் தைக்க முடியாது" என்றாள்.

நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

16 நவம்பர்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

பக்கத்து ஊரில் வட்டாரப் போட்டி. ஒரே மைதானத்தில் இரண்டு ஆடுகளம், இரண்டு நடுவர், இரண்டு விசில். முதல் செட்டில் நாம் மூன்று புள்ளி முன்னால். பேச்சிக்கனி பந்தைப் பிடித்து எறியக் கையை ஓங்கினாள். அப்போது பக்கத்து ஆடுகளத்து நடுவர் ஊதினார். ஒற்றை விசில்.

என் பிள்ளைகள் ஏழு பேரும் ஒன்று, இரண்டு என்று கால் தட்டி விறைத்து நின்றார்கள். பந்து பேச்சிக்கனியின் கையிலேயே இருந்தது. எறிபந்தில் மூன்று நொடிக்கு மேல் பந்தைப் பிடித்திருந்தால் புள்ளி போச்சு. போனது. அடுத்த விசில், அடுத்த புள்ளி. எதிரணிப் பிள்ளைகள் முதலில் திகைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு சிரித்துக்கொண்டே எறிந்தார்கள். பந்து நம் பிள்ளைகளின் தோளில் பட்டுத் தெறித்தது. அவர்கள் கண் நேராக இருந்தது. நான்குக்குப் பதினைந்து.

முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். பஞ்சை உருட்டி ஏழு பேர் காதிலும் அடைத்தேன். அடுத்த இரண்டு செட்டையும் வென்றோம். ஆனால் நம் நடுவர் ஊதியதும் காதில் விழாமல் புள்ளி முடிந்த பிறகும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். அவர் கடைசியில் பேச்சிக்கனியின் காதிலிருந்து பஞ்சை எடுத்து என் கையில் கொடுத்து, "மாவட்டப் போட்டிக்கு இது ஆகாதும்மா. காது திறந்து வரணும்" என்றார்.

சாயங்காலம் பள்ளிக்குத் திரும்பி நேராக ஹவில்தாரிடம் போனேன். வராந்தாவில் கொடிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இருந்த ஆத்திரத்தை எல்லாம் கொட்டினேன்.

"ஒங்களுக்கு வாய்னு ஒண்ணு கெடையாதா? வாயத் தொறந்து நில்லுன்னு சொன்னா கொறஞ்சா போயிருவீங்க? எதுக்கெடுத்தாலும் ஊதணுமா?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். மஃப்ளரை அவிழ்த்தார். தொண்டைக் குழியிலிருந்து காதுக்குக் கீழே வரை ஒரு தழும்பு. இன்னும் சிவப்பு மாறவில்லை.

"இருந்த வாய் போச்சு டீச்சர். போன வருஷம், வடக்க, மலையில. அதுக்கு மின்ன நான் போடுத சத்தம் மூணு மைதானத்துக்குக் கேக்கும். இப்ப இவ்வளவுதான்."

மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. குனிந்து அந்தக் கயிற்றை எடுத்துச் சுருட்டினேன். அவரே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, "பிள்ளைகளுக்கு எத்தன புள்ளி போச்சு?" என்று கேட்டார்.

17 நவம்பர்

ஞாயிறு. வேதக் கோயிலில் பாதிரி ஐயர் எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்று தெரியாது. நான் முழு நேரமும் 'மூணு மைதானத்துக்குக் கேக்கும்' என்பதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் குரலும் தெப்பக்குளத்துப் படித்துறை வரை கேட்கும் என்று இந்த ஊரில் பேர். இத்தனை நாள் அதை ஒரு குறையாகத்தான் நினைத்திருந்தேன்.

19 நவம்பர்

அவரே வந்து சொன்னார். "கெடுத்தது நான். நானே சரி பண்ணுதேன். என் நாலு பீரியடையும் ஆட்டத்துக்கு எடுத்துக்கிடுங்க. ஆட்டம் நடக்கும்போது நான் சுத்திச் சுத்தி ஊதுவேன். ஒருத்தியும் நிக்கக் கூடாது. வலைக்குப் பக்கத்துல நிக்குத நடுவர் ஊதுனா மட்டும் பாக்கணும்."

"டிசம்பர் ஏழுக்குக் கவாத்து? ஒங்களுக்கு விசில விட்டா வேற என்ன இருக்கு?"

"கவாத்துல விசில் ஊதுனா ஆட்டத்துல திரும்பவும் நிப்பாங்க. கொடி இருக்கு. செவப்புக் கொடின்னா நட, வெள்ளைக் கொடின்னா நில்லு. பட்டாளத்துல கொடியால பேசுதவன் உண்டு."

இரண்டு வாரத்தில் முடியுமா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது மாவட்டக் கோப்பைதான் கண்ணில் நின்றது.

22 நவம்பர்

பார்க்கப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. பதினைந்து வருஷம் கீழ்ப்படியச் சொல்லிக் கொடுத்த மனிதர், ஆடுகளத்தைச் சுற்றி ஓடி ஓடி ஊதுகிறார். யாராவது நின்றுவிட்டால் தலையில் கை வைத்துக்கொள்கிறார். நேற்று ஏழு பேரும் நின்றார்கள். இன்று நான்கு பேர். அதிலும் பேச்சிக்கனி அசல் சிலைதான்.

"ஏம்மா நிக்க?" என்று அவளிடம் கேட்டார்.

"சார் ஊதுனா எப்படி சார் நிக்காம இருக்க? மரியாதை இல்லையே."

அவர் விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு, "இந்த ரெண்டு வாரத்துக்கு நிக்காம இருக்கதுதான் மரியாதை" என்றார்.

27 நவம்பர்

இன்று இருபது தடவை ஊதினார். ஒருத்தியும் நிற்கவில்லை. நான் கைதட்டினேன். அவரும் தட்டினார், ஆனால் என்னைவிட மெதுவாக.

30 நவம்பர்

கோப்பை! கோப்பை! பாளையங்கோட்டையில் மூன்று ஆடுகளத்தில் மூன்று விசில் பறந்தது. ரோட்டில் போன பஸ் கண்டக்டரும் சேர்ந்து ஊதினார். என் பிள்ளைகள் கண்டுகொள்ளவே இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மன் மாதிரி ஆடினார்கள். கடைசி செட் பதினைந்துக்குப் பதினொன்று.

ஹவில்தார் எல்லைக் கோட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் உட்கார்ந்து இன்றுதான் பார்க்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக் கூரையைப் பிய்த்தார்கள். அவர் தன் விசிலைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கிடுங்க. இனி இத ஊதுனா நம்ம பிள்ளைகள்ல ஒருத்தியும் மதிக்க மாட்டா."

பித்தளை விசில், ஓரம் தேய்ந்திருக்கிறது. என் பெட்டியில் வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்கட்டுமே என்றுதான்.

4 டிசம்பர்

கொடி ஒத்திகை பரவாயில்லை. தொண்ணூற்றாறு பிள்ளைகள், மூன்று மூன்று பேராக. மேடைக்கு நேரே சுண்ணாம்புக் கோடு ஒன்று. முன்னால் நடக்கும் பேச்சிக்கனி அதைத் தாண்டியதும் எல்லாரும் தலையை வலப்பக்கம் திருப்பி அதிகாரிக்கு மரியாதை செய்ய வேண்டும். பத்தடி தள்ளி இரண்டாவது கோடு. அதைத் தாண்டியதும் தலை நேராகும். நேரானதும் இடப்பக்கம் நிற்கும் ஹவில்தாரின் வெள்ளைக் கொடி தெரியும். நிற்பார்கள்.

கோடு போடுவது என் வேலை. ஒன்பது வருஷமாக நான்தான் இந்த மைதானத்துக்குக் கோடு போடுகிறேன்.

7 டிசம்பர்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அதிகாலையில் ஒரு பாட்டம் மழை. மேடைக்கு முன்னால் பந்தல் இருந்ததால் முதல் கோடு தப்பித்தது. இரண்டாவது கோடு வெட்ட வெளியில் இருந்தது. மழை அதை நக்கித் துடைத்துவிட்டது. எல்லாரும் மாலை, சோடா, நாற்காலி என்று ஓடியதில் யாரும் கவனிக்கவில்லை.

அதிகாரி வந்தார், மீசை வந்தது, கொடி ஏறியது. சிவப்புக் கொடி அசைந்ததும் பிள்ளைகள் நடந்தார்கள். என்ன அழகு! முதல் கோட்டில் தொண்ணூற்றாறு தலையும் ஒரே சமயத்தில் வலப்பக்கம் திரும்பின. அதிகாரி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். இரண்டாவது கோடு வரவில்லை. தலைகள் திரும்பவில்லை. ஹவில்தார் இடப்பக்கம் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். அவரை யார் பார்ப்பது? எல்லாரும் வலப்பக்கம்தானே பார்க்கிறார்கள்!

பேச்சிக்கனி முன்னால், மற்றவர்கள் பின்னால், முகத்தை வலப்பக்கம் திருப்பியபடியே வாசல் கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கிவிட்டார்கள். பலசரக்குக் கடைக்காரர் தனக்குத்தான் மரியாதை என்று நினைத்து எழுந்து கும்பிட்டார். குதிரை வண்டி ஒதுங்கியது. ஆடுகள் ஒதுங்கவில்லை, அவற்றின் ஊடே நடந்தார்கள். ஹவில்தார் கொடியை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கடைவீதித் திருப்பத்தில் பேச்சிக்கனி ஒரு வாழைப்பழ வண்டியில் மோதி நின்ற பிறகுதான் ஊர்வலம் நின்றது. வரிசை கலையவில்லை.

எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது. யாரால் என்ன செய்திருக்க முடியும்?

9 டிசம்பர்

அதிகாரியின் குறிப்பு வந்துவிட்டது. 'கோப்பை பெற்ற விளையாட்டு ஆசிரியையே போதுமானவர்.' ரூபவதி அம்மாள் வாசித்துக் காட்டினார். பிரம்மசக்தி பாயசம் வைத்தாள்.

பாயசத்தில் இனிப்பு குறைவு என்றேன். "ஒரு கிலோ சீனி போட்ட மாதிரி இருக்கு, ஒன் நாக்குக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

10 டிசம்பர்

வலைக்குப் புதுக் கயிறு வாங்கினேன். துணி துவைத்தேன். சாமான் அறையில் இரண்டு தம்ளர் இருக்கிறது, ஒன்று போதும்.

ஹவில்தார் என்னிடம் வந்து, "சந்தோசம் டீச்சர்" என்றார். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

11 டிசம்பர்

ஏழாம் தேதி எழுதியதில் ஒரு வரி பொய்.

கண்மூடித் திறப்பதற்குள் நடக்கவில்லை. இரண்டாவது கோடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து வாசல் கேட் வரை இருபத்திரண்டு காலடி. எண்ணினேன். கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். தெப்பக்குளம் வரை கேட்கும் தொண்டை என்னிடம் இருந்தது. 'தம்' என்ற ஒரே சொல் போதும். மூன்றாவது காலடியிலேயே அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. போகட்டும், போனால் எனக்கு வேலை நிலைக்கும் என்று நினைத்தேன். எட்டாவது காலடியில் நினைத்தேன். பதினைந்தாவதிலும் நினைத்தேன். அவர் வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்ததைப் பார்த்த பிறகும் சும்மா நின்றேன்.

கோட்டை மழை அழித்தது. என் வாயை மழை அடைக்கவில்லை.

விசிலைக் கைவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் என் பிள்ளைகளுக்காக விட்டார். அதற்கு நான் கொடுத்த பதில் இது. வெட்கமாக இருக்கிறது.

12 டிசம்பர்

சாயங்காலம் பள்ளி விட்டதும் ரூபவதி அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழாமல் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாருக்கு. அவருக்கு வாய் இல்ல. ஒனக்கு இருந்தும் தொறக்கல. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு முழு ஆளு போல."

"அதத்தாம்மா எழுதுங்க. ரெண்டு பேரும் வேணும்னு எழுதுங்க. கவாத்துக்கு நான் சத்தம் போடுதேன், அவர் சொல்லிக் குடுக்கட்டும்."

"மார்ச் வரைக்கும் ரெண்டு பேரும் இருக்க எழுதிப் பாக்கேன். ஆனா ஆளு இருக்கணுமே. இன்னைக்கு அஞ்சு மணி பஸ்ஸுல போறேன்னு காலையிலேயே சொல்லிட்டுப் போயிட்டாரு."

மணி நாலே முக்கால். ஓடினேன். விளையாட்டு ஆசிரியை கடைவீதியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதை ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

திருநெல்வேலி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி கூரைமேல் ஏறிவிட்டது. அவர் கூட்டத்துக்குப் பின்னால் படியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். என் கையில் அவருடைய விசில். மூச்சை இழுத்து ஒற்றையாக ஊதினேன்.

பஸ் நிலையத்தில் இருந்த மூன்று பஸ்களும் நின்றன. டிரைவர்கள் எல்லாரும் தலையை வெளியே நீட்டினார்கள். கண்டக்டர்கள் யார் ஊதியது என்று ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அவர் மட்டும் நிற்கவில்லை. நிற்காதே நிற்காதே என்று இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்ததில் அவருக்கே மறந்துவிட்டது போலும். ஒரு காலைப் படியில் வைக்கத் தூக்கிவிட்டார்.

விசிலை வாயிலிருந்து பிடுங்கினேன். வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினேன்.

"தம்!"

தூக்கிய கால் கீழே வந்தது. ஒன்று, இரண்டு. கை ஒட்டியது, கண் நேரானது. பின்னால் ஏற வந்த வெற்றிலைக்காரம்மா அவர் முதுகில் மோதிக்கொண்டு, "என்ன எளவு இது" என்றாள். கண்டக்டர் பொறுமை இழந்து இரண்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. பெட்டியும் போய்விட்டது. அவர் அப்படியே நின்றார்.

எதிரே போய் நின்றேன். மூச்சு வாங்கியது.

"கொரல் நல்லாருக்கு டீச்சர்" என்றார், கண் நேராக வைத்துக்கொண்டே.

"அன்னைக்குப் போட வேண்டிய சத்தம். நான் போடல. வாசல் கேட்டுப் பக்கத்துலதான் நின்னேன். வேலை போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"இருவத்திரண்டு காலடி. ஓடிக்கிட்டே நானும் எண்ணுனேன். ஒங்களப் பாத்துக்கிட்டேதான் ஓடுனேன்."

கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டேன். "தெரிஞ்சுமா சந்தோசம்னு சொன்னீங்க? யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொல்லுததுக்கு சத்தம் வேணும்லா" என்றார். புருவத் தழும்பு மேலே போனது. "ஒன்பது வருஷம் முள்ளுப் பொறுக்குன எடம்னு பிள்ளைகள் சொல்லுச்சு. நான் வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது. நானா இருந்தாலும் வாயத் தொறந்திருப்பேனான்னு எனக்கே தெரியல."

நான் பஸ் நிலையத்தில் நின்று அழுதேன். ரூபவதி அம்மாள் எழுதப் போகும் கடிதத்தைப் பற்றி அழுகைக்கு நடுவே சொன்னேன். மார்ச் வரைக்குமாவது இருங்கள், சத்தம் என்னுடையது, கவாத்து உங்களுடையது என்றேன். வெற்றிலைக்காரம்மா எங்கும் போகாமல் வேடிக்கை பார்த்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் இன்னும் விறைத்தே நின்றார்.

"நிறுத்திட்டீங்க. அடுத்த கட்டளை?"

"எனக்கு அந்த ஒண்ணுதான் தெரியும்" என்றேன்.

14 டிசம்பர்

பெட்டி திருநெல்வேலியிலிருந்து மதிய பஸ்ஸில் திரும்பி வந்தது. பூட்டு அப்படியே இருக்கிறது, ஒரு மூலை மட்டும் நசுங்கியிருக்கிறது. மாசிலாமணி தலையில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "டீச்சர், இத ஹவில்தார் ரூமுக்குக் கொண்டு போகவா, இங்கயே எறக்கவா?" என்று கேட்டார்.

கேள்வியைப் பார்! உள்ளே பிரம்மசக்தி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

அவர் அறைக்குத்தான் என்று தெப்பக்குளம் வரை கேட்கிற மாதிரி சொன்னேன். கடைசியில் 'இப்போதைக்கு' என்று சேர்த்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை. சேர்த்ததாகப் பிரம்மசக்தி சத்தியம் செய்கிறாள்.